திருடனுக்குத் தேள் கொட்டினால்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

திருடப் போன இடத்தில் தேள் கொட்டினால், திருடனால் வாய்விட்டு அலற முடியாது. அலறினால் அகப்பட்டுக்கொள்வான். "திருடனுக்குத் தேள் கொட்டியது போல" என்று நம் பெரியோர் சொல்வது இதைத்தான். இந்த மௌனத்தையே முதலாக வைத்துப் பிழைக்கும் ஏமாற்றுக்காரர்களும் உண்டு. நேர்மையற்றவர்களாகப் பார்த்து அவர்கள் வலை விரிப்பார்கள். "அயோக்கியனைத்தானே ஏமாற்றினான், அதில் என்ன பாவம்?" என்று நாமும் சிரித்துவிடுகிறோம். அந்தச் சிரிப்பு சரிதானா என்று சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெனாலிராமனின் கிணறு

தெனாலிராமன் கதை நாம் அனைவரும் அறிந்ததே. தோட்டத்தில் திருடர்கள் பதுங்கியிருப்பதை அறிந்த அவன், நகைப்பெட்டியைக் கிணற்றில் போட்டுவிட்டதாக மனைவியிடம் உரக்கச் சொன்னான். திருடர்கள் விடிய விடிய நீர் இறைத்தார்கள். செடிகளுக்கெல்லாம் தண்ணீர் பாய்ந்தது. அவர்கள் இழந்தது ஓர் இரவின் உறக்கம் மட்டுமே. தெனாலிராமன் தன் பொருளைக் காத்துக்கொண்டானே தவிர, பிறர் பொருளில் ஒரு காசும் தொடவில்லை.

இரும்புக் கோபுரத்தை விற்றவர்

தெனாலிராமனைப் போன்றவர் அல்லர் விக்டர் லஸ்டிக். பாரிஸ் நகரின் ஈஃபில் கோபுரம் 1889ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் மட்டுமே நிற்கும் என்ற ஏற்பாட்டில் எழுப்பப்பட்ட அதில் சுமார் 7,300 டன் இரும்பு உள்ளது. 1925ஆம் ஆண்டு லஸ்டிக் அரசாங்க அதிகாரி போல் நடித்து, பழைய இரும்பு வியாபாரிகள் சிலரை ஓர் உயர்ந்த ஓட்டலுக்கு அழைத்தார். கோபுரத்தைப் பராமரிக்கச் செலவு தாளவில்லை, எடைக்கு விற்கப் போகிறோம், வெளியே தெரிந்தால் மக்கள் எதிர்ப்பார்கள், ஆகவே இரகசியம் என்றார்.

ஒரு வியாபாரிக்குச் சந்தேகம் வந்தது. உடனே லஸ்டிக் தமக்குச் சம்பளம் போதவில்லை என்று ஜாடையாகச் சொன்னார். லஞ்சம் கேட்கிறாரே, அப்படியானால் உண்மையான அதிகாரிதான் என்று அவருக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது! பணத்தோடு லஞ்சத்தையும் கொடுத்து ஏமாந்தார். வெட்கத்தால் போலீசில் புகார் செய்யவும் இல்லை.

லஸ்டிக் அத்தோடு நிற்கவில்லை. பின்னர் அமெரிக்காவில் கள்ள நோட்டுத் தொழிலில் இறங்கினார். கள்ள நோட்டு நல்லவன், கெட்டவன் என்று பார்த்துப் போவதில்லை. கீரை விற்கும் கிழவி கைக்கும் அது போகும். 1935ஆம் ஆண்டு பிடிபட்டு, இருபது ஆண்டுத் தண்டனை பெற்று, 1947ஆம் ஆண்டு கைதியாகவே இறந்தார்.

அரிசியை இழுக்கும் செம்பு

பாரிஸ் வரை போவானேன்? நம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக நடந்துவரும் மோசடி இரிடியம் மோசடி. இடி விழுந்த பழைய செம்புப் பாத்திரத்தில் இரிடியம் ஏறியிருக்கிறது, அது அரிசியைத் தன்பால் இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை போகும் என்பார்கள். இதை நம்பிக் கோயில் கலசங்களைத் திருடியவர்களும் உண்டு.

உண்மை என்ன? இரிடியம் 1803ஆம் ஆண்டு ஸ்மித்சன் டென்னன்ட் என்னும் விஞ்ஞானி கண்டுபிடித்த உலோகம். அதன் அணு எண் 77. ஈயத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அடர்த்தி உடையது. இடி விழுந்தால் செம்பு இரிடியமாக மாறாது. இரிடியம் அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத் தூளைச் சேர்த்து, பாத்திரத்துக்குள் காந்தத்தை மறைத்து வைத்தால், நம் ஆய்வுக்கூடத்திலேயே அந்த "அதிசயத்தை" நாமும் செய்து காட்டலாம்.

யார் வீட்டில் உலை கொதிக்கவில்லை?

எங்கள் ஜவ்வாது மலையிலும் ஒருவர் இந்த வலையில் விழுந்தார். எங்களுக்கு உறவினர். பெயர் சொல்ல மாட்டேன். "யாரிடமும் சொல்லாதே, போலீசுக்குத் தெரியக் கூடாது" என்றபோதே இது தவறான வழி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் முன்பணம் கொடுத்தார். வந்தவன் மறைந்தான். புகார் மனுவில் என்னவென்று எழுதுவார்? தேள் கொட்டிய திருடனாக வாய் மூடிக்கொண்டார்.

ஊரார், "பேராசைக்காரனுக்கு நன்றாக வேண்டும்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பணம் இரண்டு பசுக்களும், அந்த ஆண்டுச் சாமை விளைச்சலும், அத்தையின் கம்மலும் ஆகும். அத்தை யாரையும் ஏமாற்றியதில்லை. அவர் மகள் எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். ஒன்பதாம் வகுப்புக்கு அவள் வரவில்லை. அதன்பின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முடிவுரை

நேர்மையற்றவனை மட்டும் ஏமாற்றுகிறேன் என்று எந்த மோசக்காரனாலும் சொல்ல முடியாது. அந்த மனிதனுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது. களவு செய்யாதே என்பது கடவுளின் ஏழாம் கட்டளை. பிறர் உடைமைக்கு ஆசைப்படாதே என்பது பத்தாம் கட்டளை. மோசக்காரன் ஏழாவதை மீறுகிறான். அவனுக்குக் கதவைத் திறந்துவிடுவதோ நம் உள்ளத்து ஆசைதான்.

எரிகோ நகரத்துச் சக்கேயுவும் பிறரை ஏமாற்றிப் பணம் சேர்த்தவரே. அவரை இன்னொருவன் ஏமாற்றித் திருத்தவில்லை. இயேசு அவர் வீட்டிற்கு விருந்தாளியாகச் சென்றார். அவரோ சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். திருப்பிக் கொடுப்பதே உண்மையான நீதி.

தோழியரே, "யாரிடமும் சொல்லாதே" என்று தொடங்கும் எந்த இலாபமும் நமக்கு வேண்டாம். அப்படி ஒருவர் நம் வீட்டுக்கு வந்தால், அன்றைக்கே அம்மாவிடம் உரக்கச் சொல்வோம்.