கல்லக்குடியிலிருந்து குருசடைக்கு: பவளப்பாறைகளைக் கற்பித்தல்

திருவரங்கத்து மாணவர்களுக்குத் தீவு புதிதல்ல. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அவர்களே தீவில் வாழ்கிறார்கள். கடலைத்தான் பலர் பார்த்ததில்லை. எனவே மன்னார் வளைகுடா பற்றிய பாடத்தை நான் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன்: "நம் தீவை உண்டாக்கியது ஆறு. மண்டபத்துக்கு அருகிலுள்ள தீவுகளை உண்டாக்கியது யார்?" காற்று, அலை, எரிமலை என்று விடைகள் வரும். குண்டூசித் தலையளவு உயிரிகளுக்கும் அதில் பங்குண்டு என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

கருத்து விளக்கம்

பவளம் கல்லுமன்று, செடியுமன்று. குழியுடலி வகையைச் சேர்ந்த விலங்கு. கடல்நீரிலுள்ள கால்சியத்தைக் கொண்டு தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டுகிறது. அதன் திசுக்களுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் உணவு தருகின்றன. பவளம் அவற்றுக்கு இடம் தருகிறது. கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை அளவைவிட ஓரிரு டிகிரி உயர்ந்து சில வாரம் நீடித்தாலே இந்த உறவு முறிகிறது. பாசிகள் வெளியேற, பவளம் வெளிறுகிறது. வெளிறிய பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் மீளும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் வெளிறல் ஏற்பட்டது.

பூங்காவும் அதன் பயனும்

தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இதனை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பகுதி 1989இல் உயிர்க்கோளக் காப்பகமானது. மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்வது பவளத்தின் இடுக்குகளில். கடற்பசு மேய்வது அருகிலுள்ள கடற்புல்லில். அலையின் வேகத்தைப் பாறை தணிப்பதால் கரை காக்கப்படுகிறது. உலகக் கடற்பரப்பில் 1 விழுக்காட்டுக்கும் குறைவான பவளப்பாறைகள், கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ கால் பங்கிற்கு ஆதாரம்.

இந்தச் சுண்ணாம்புக்காகவே பல ஆண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. காவலிழந்த பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கின. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

நம் ஊர்ச் சான்று

நம் மாவட்டத்துக் கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லில் பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய பாறையும் உண்டு. 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. 'கடல் எங்கோ இருக்கிறது' என்னும் எண்ணம் இந்த ஒரு செய்தியில் உடைந்துவிடும்.

செயல்பாடுகள்

1. முட்டை ஓட்டை வினிகரில் இடச் செய்யுங்கள். குமிழிகள் எழும், ஓடு கரையும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைக் கடல் உறிஞ்சும்போது பவளம் கூடு கட்டுவது ஏன் கடினமாகிறது என்பதை இதிலிருந்து விளக்கலாம். கடல் வினிகராகிவிடவில்லை, அதன் காரத்தன்மை சற்றுக் குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையேல் தவறான கருத்து பதிந்துவிடும்.

2. இரு கண்ணாடிக் குவளைகளில் தெளிந்த நீரும் மண் கலந்த நீரும் எடுத்து, பின்னாலிருந்து டார்ச் ஒளி பாய்ச்சுங்கள். கலங்கிய நீரில் நுண்பாசிக்கு ஒளி கிடைக்குமா எனக் கேளுங்கள்.

3. உயர் வகுப்பினருக்கு விவாதம்: "பவளம் வெட்டியவர் மட்டும்தான் பொறுப்பா?"

மூன்றாவதை நான் விடுவதேயில்லை. 'மீனவர்கள் அழித்தார்கள்' என்று பாடம் முடிந்தால் அது அரைகுறைப் பாடம். வெட்டிய பவளம் சுண்ணாம்புச் சூளைகளுக்குப் போனது. அந்தச் சுண்ணாம்பு தொலைவிலுள்ள வீடுகளுக்கும் தொழில்களுக்கும் போனது. பூங்கா வந்தபின் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி சேகரித்துப் பிழைத்த பெண்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. கடலைச் சூடாக்கும் புகையோ நம் ஊர்ச் சாலையிலிருந்தும் எழுகிறது. காப்பதன் சுமையை யார் சுமக்கிறார்கள், பயனை யார் பெறுகிறார்கள் என்று மாணவர் கேட்கப் பழக வேண்டும்.

மதிப்பீடு

"இருபத்தோரு தீவுகளின் பெயர்களை எழுதுக" என்று கேட்பதைவிட, "பவளம் வெளிறினால் மண்டபத்து மீனவர் வலையில் என்ன மாறும்? ஏன்?" என்று கேளுங்கள். வெப்பம், பாசி, பவளம், மீன், மனிதர் என்று மாணவர் வரிசையாகக் காரணம் சொன்னால் பாடம் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.