அறுபடாத செம்புக் கோடுகள்

கேள்வி: லேசர் பிரிண்டரில் அச்சிட்டு, இஸ்திரிப் பெட்டியால் ஒற்றியெடுத்து வீட்டிலேயே செய்யும் சர்க்யூட் போர்டில் கோடுகள் ஊசித்துளை விழுந்து அறுபடுகின்றனவே, ஏன்?
— ஒரு வாசகர், பனமலை

பதில்: பிரதான காரணம், தாளில் படியும் டோனர் போதிய கனமின்றி இருப்பதே. டோனர் என்பது வெப்பத்தில் இளகும் பிளாஸ்டிக் கலந்த தூள். பெர்ரிக் குளோரைடு திராவகம் செம்பை அரித்துவிடாமல் காக்கும் கவசமும் அதுவே ஆதலால், கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தோன்றும் அச்சுகூட, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கையில் புள்ளி புள்ளியாக ஒளி கசியுமானால், நமக்குப் பிரயோஜனப்படாது. டோனரைச் சிக்கனப்படுத்தும் ஏற்பாட்டை நீக்கி, கருமையை உச்சத்தில் வைத்து, அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமல், வழவழப்பான தாளில் அச்சிடுங்கள். இங்க்ஜெட் அச்சு இம்முறைக்கு உதவாது.

அச்சு எத்துணை உத்தமமாயினும் அழுக்கேறிய செம்பில் ஒட்டாது. உங்கள் ஊர்த் தாளகிரீசுவரர் கோயிலில், ராஜசிம்ம பல்லவன் காலத்து ஓவியன் உமாதேவியைத் தீட்டுமுன் கற்சுவருக்குச் சாந்து பூசிப் பக்குவப்படுத்திய சிரத்தை இங்கும் வேண்டும்: மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்தபின், விரல் படவே கூடாது. இஸ்திரிப் பெட்டியை அளவுக்கு மீறி அழுத்தினால் கோடுகள் பரந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். தாளை நீரில் நன்றாக ஊறவிட்டு, அவசரமின்றி உரித்து, எஞ்சிய துளைகளை அழியா மார்க்கரால் அடையுங்கள். செம்புப் படலம் பெரும்பாலும் 35 மைக்ரான் கனமே. திராவகத்தில் அதிக நேரம் கிடந்தால் பக்கவாட்டிலும் அரிக்கும். ஆகையால் திராவகத்தை வெதுவெதுப்பாக்கி, பலகையை அசைத்துக்கொண்டேயிருந்து, வேலை முடிந்தவுடன் எடுத்துக் கழுவுங்கள். கையுறை அவசியம். பழைய திராவகத்தை வாய்க்காலில் கொட்டாதீர்கள். அதில் கரைந்துள்ள செம்பு மீன்களுக்கு நஞ்சு.