ஏழாவது மாதத்தில் யார் வருகிறார்கள்?

எந்த ஊர் நகராட்சியின் இளைஞர் மையத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்டு வாங்குவது வருகைப் பதிவேட்டை. திறப்பு விழா நடந்த மாதத்தின் பக்கங்களில் பல கையெழுத்துகள், பல நிற மைகள், அடித்தல் திருத்தல்கள் இருக்கும். ஏழாவது மாதத்துப் பக்கம் சுத்தமாக இருக்கும். ஒரே மை, ஒரே சாய்வு. இருபது பெயரையும் ஒருவரே உட்கார்ந்து எழுதியிருப்பார். கூடத்தில் கேரம் போர்டு இருக்கும், ஸ்ட்ரைக்கர் இருக்காது. கணினி இருக்கும், அதன் மேல் போட்ட உறை எடுக்கப்பட்டிருக்காது.

“இவ்வளவு செலவு செய்தும் பிள்ளைகள் வரமாட்டேன் என்கிறார்களே” என்று நகர்மன்ற உறுப்பினர்கள் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் பிள்ளைகளைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். பெரும்பாலான ஊர்களில் கோளாறு திட்டத்தின் நேரத்திலும் ஆள் பொறுப்பிலும் கணக்கிலும்தான் இருக்கிறது. மூன்றையும் சரிசெய்யலாம். நகர்மன்ற உறுப்பினர்கள், ஆணையாளர்கள், களத்தில் அலையும் சமுதாய அமைப்பாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

ஏன் இப்படி ஆகிறது?

முதல் காரணம், இளைஞர் நலனுக்கு நகராட்சியில் தனி வீடு இல்லை. 74ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் சேர்ந்த 12ஆவது அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு உரிய 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. அதில் குடிநீர் உண்டு, பூங்காவும் விளையாட்டுத் திடலும் உண்டு, கால்நடைப் பட்டியும் உண்டு. ‘இளைஞர்’ என்ற தலைப்பு இல்லை. ஆகவே விளையாட்டுத் திடல் பொறியியல் பிரிவிடமும், போதை விழிப்புணர்வு சுகாதாரப் பிரிவிடமும், திறன் பயிற்சி வறுமை ஒழிப்புப் பிரிவிடமும் சிதறிக் கிடக்கின்றன. எல்லோருக்கும் இது ‘கூடுதல் பொறுப்பு’. கூடுதல் பொறுப்பு என்றாலே கடைசியாகப் பார்க்கும் கோப்பு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இரண்டாவது காரணம், இரண்டு காலண்டர்கள். நகராட்சியின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஒப்புதலும் ஒப்பந்தப்புள்ளியும் முடிந்து பணம் நகரும்போது ஆண்டின் பிற்பாதி வந்துவிடும். செலவைக் காட்ட வேண்டிய அவசரம் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் உச்சத்துக்குப் போகும். பிள்ளைகளின் ஆண்டு வேறு மாதிரி ஓடுகிறது. பிப்ரவரி, மார்ச்சில் செய்முறைத் தேர்வும் பொதுத் தேர்வும். மே மாதம் முடிவுகள். அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு. பிறகு கல்லூரிச் சேர்க்கை. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிய பையனுக்கு மையம் தேவைப்படுவது மே, ஜூனில். அப்போது நம் கோப்பு கையெழுத்துக்காகக் காத்திருக்கும். அவன் தேர்வுக்குப் படிக்கும் மார்ச்சில் நாம் விளையாட்டு விழா நடத்திக்கொண்டிருப்போம்.

மூன்றாவது, வயது. 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை இளைஞர் என்கிறது. காகிதத்தில் இது ஒரே வரி. நடைமுறையில் பதினைந்து வயது மாணவியும், டூவீலரில் உணவு விநியோகிக்கும் இருபத்துநான்கு வயது இளைஞரும், கைக்குழந்தையோடு வேலை தேடும் இருபத்தெட்டு வயதுப் பெண்ணும் அந்த வரிக்குள் நிற்கிறார்கள். மூவருக்கும் ஒரே நிகழ்ச்சியை வைத்தால் மூவருமே அது தமக்கில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஒரு திட்டம் நலிகிறது என்பதை அறிக்கை வரும் முன்பே கண்ணால் பார்த்துவிடலாம். கீழ்க்காணும் ஐந்தைக் கவனியுங்கள்.

வாசலில் எழுதியிருக்கும் நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்தே முக்கால் வரை என்றால், அது அலுவலகத்தின் நேரம். பள்ளி, கல்லூரி, வேலை முடிந்து வருபவருக்கு மையம் எப்போதும் பூட்டியே இருக்கும்.

பெண்களின் பெயர்கள் பதிவேட்டில் குறைந்துகொண்டே போனால், முதலில் கழிப்பறையைப் பாருங்கள். பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். அடுத்ததாக, மையத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை இருட்டிய பிறகு நடந்து பாருங்கள். எரியாத ஒரு தெருவிளக்கு பத்துப் பெண்களை நிறுத்திவிடும்.

வருகிறவர்கள் எல்லாம் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களா? இதை வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறோம். மையம் எந்தத் தெருவில் இருக்கிறது, அந்தத் தெரு யாருடைய தெரு என்று கருதப்படுகிறது என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். சில பிள்ளைகள் வராததற்குச் சோம்பல் காரணமல்ல; அந்தத் தெருவில் அவர்கள் நுழைந்து பழகவே இல்லை.

பழுது எத்தனை நாள் கிடக்கிறது? நூற்றைம்பது ரூபாய்ப் பொருள் ஒன்று இரண்டு மாதமாக வாங்கப்படவில்லை என்றால், பிள்ளைகள் அதைத் தெளிவாகப் புரிந்துகொள்வார்கள்: இந்த இடத்தை யாரும் கவனிக்கவில்லை.

கடைசியாக, ஆண்டு அறிக்கையில் ‘பயனடைந்தோர்’ என்ற ஒற்றை எண் மட்டும் இருக்கிறதா? இருந்தால் ஒரே ஆள் இருபது முறை எண்ணப்பட்டிருக்கலாம். அல்லது ஒருமுறை எட்டிப் பார்த்த இருபது பேர் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு நிலைமை.

என்ன செய்ய வேண்டும்?

ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பிரிவுகள் எத்தனை இருந்தாலும் இளைஞர் திட்டங்கள் அனைத்துக்கும் பதில் சொல்ல ஓர் அலுவலர் வேண்டும். அவருக்கு நகர்மன்றத் தீர்மானத்தின் வழியாக அதிகாரமும், நிரந்தர முன்பணமும் (அன்றாடச் சிறு செலவுக்காகக் கையில் வைத்திருந்து, செலவுச் சீட்டு கொடுத்து ஈடுசெய்துகொள்ளும் தொகை) தரப்பட வேண்டும். ஸ்ட்ரைக்கரும் டியூப்லைட்டும் அன்றே வாங்கப்பட வேண்டுமானால் இதுதான் வழி. வரவுசெலவுத் திட்டத்தில் கட்டடத்துக்கு ஒதுக்கும்போதே, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கான ஆள் சம்பளம், மின்கட்டணம், பராமரிப்பு ஆகியவற்றையும் எழுதிவிடுங்கள். அதை எழுத முடியாவிட்டால் கட்டடத்தைச் சிறிதாக்குங்கள்.

நேரத்தை மாற்றுங்கள். மாலை நான்கு முதல் ஒன்பது வரை, ஞாயிறு முழுநாள், வாரவிடுமுறை செவ்வாய் அல்லது புதன் என்று வைத்துப் பாருங்கள். பணியாளரின் வேலை நேரத்தையும் அதற்கேற்ப முறைப்படி மாற்றி ஆணையிடுங்கள். ‘கொஞ்சம் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற வாய்மொழி ஏற்பாடு இரண்டு வாரம்கூடத் தாங்காது.

வயதை மூன்றாகப் பிரியுங்கள். 15–17 வயதினருக்குப் பாதுகாப்பான இடமும் படிப்பு உதவியும் விளையாட்டும். 18–21 வயதினருக்குச் சேர்க்கை, உதவித்தொகை, சான்றிதழ், போட்டித் தேர்வு பற்றிய வழிகாட்டல். 22–29 வயதினருக்கு வேலை, தொழில் பழகுநர் பயிற்சி (ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டே வேலையைக் கற்கும் முறை), கடன் விண்ணப்பம். தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்கள் ஏற்கனவே இருக்கின்றன. நகராட்சி அவற்றின் நகலை நடத்த வேண்டியதில்லை. விண்ணப்பம் எங்கே தடுக்கிறது என்று பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தால் போதும். அதேபோல, பல ஊர்களில் கட்டப்பட்டுள்ள நூலகம் மற்றும் அறிவுசார் மையங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு உகந்தவை. அங்கேயே கேரமும் கூச்சலும் வேண்டாம். பயன்பாடு வேறு என்றால் அறையும் நேரமும் வேறாகட்டும்.

எண்ணுவதை மாற்றுங்கள். உங்களுக்குத் தேவையானது தக்கவைப்பு விகிதம் (முதன்முறை வந்தவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள் என்ற கணக்கு). ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போதும்: முதல் வருகை, 30 நாளில் மீண்டும் வந்தாரா, 90 நாளில் வந்தாரா, வராவிட்டால் காரணம். முதல் மாதம் 100 பேர் வந்து, மூன்றாம் மாதம் அவர்களில் 40 பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 பேரில் பத்துப் பேருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். ஆலோசனை நிறுவனம் தரும் தடித்த அறிக்கையைவிட அந்தப் பத்து உரையாடல்கள் அதிகம் சொல்லும். திறன் பயிற்சிக்கும் இதே கணக்குதான். எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்பதோடு நிற்காமல், மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் நீடிக்கிறார்கள் என்று கேளுங்கள். இரவுப் பணிக்குப் பேருந்து இல்லாததால் விட்டுவந்தவரைப் பயிற்சியில் தோற்றவராக எழுதிவிடக் கூடாது.

கணக்கெடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஐஸ்லாந்து நல்ல உதாரணம். அங்கே 15–16 வயதினரில், முந்தைய மாதத்தில் குடித்துப் போதையானதாகச் சொன்னவர்கள் 1998இல் 42 சதவீதம். 2016இல் 5 சதவீதம். இதற்குப் பின்னால் பெற்றோர் ஒப்பந்தம், இரவு நேரக் கட்டுப்பாடு, விளையாட்டு மற்றும் கலை வகுப்புகளுக்கு நிதி எனப் பல நடவடிக்கைகள் இருந்தன. அவற்றுக்கு அடிப்படையாக, மாணவர்களிடம் தொடர்ந்து கணக்கெடுத்து, அதன் முடிவை அந்தந்தப் பள்ளிக்கும் உள்ளாட்சிக்கும் விரைவில் கொடுத்தார்கள். நம் சூழல் வேறு, மக்கள்தொகை வேறு. அப்படியே நகலெடுக்க முடியாது. கேட்டதை அந்த ஊருக்கே சொல்லும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பகுதி சபைக் கூட்டத்தில் இளைஞர் மையத்தின் கணக்கைப் படித்துக் காட்டுங்கள்.

இளைஞர்களிடமே ஒரு பகுதியை விடுங்கள். ஒன்பது முதல் பதினோரு பேர் கொண்ட குழு போதும். பாதிப் பேர் பெண்கள், ஒவ்வொரு தெருவுக்கும் இடம், ஓராண்டுக்கு ஒருமுறை மாற்றம், கட்சிப் பொறுப்பில் இருப்பவருக்கு இடமில்லை. ஆலோசனை மட்டும் கேட்டால் இரண்டாம் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். எந்தப் புத்தகம், எந்த விளையாட்டுப் பொருள் வாங்குவது என்று முடிவெடுக்கும் உரிமையைக் கொடுங்கள். பில்லும் கொள்முதல் விதியும் எப்படி இயங்குகின்றன என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அதுவும் ஒரு பயிற்சிதான்.

குறுக்கு வழிகள் வேண்டாம்

ஊக்கமூட்டும் பேச்சாளரை அழைத்து ஒருநாள் கூட்டம் போடுவது, டீ-ஷர்ட் கொடுத்து மனிதச் சங்கிலி நிறுத்துவது, ஆண்டுக்கு ஒரு கிரிக்கெட் போட்டி நடத்துவது ஆகியவை தவறல்ல. அவை படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அவற்றைத் திட்டம் என்று பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். ‘நம்ம பையன்’ என்று வார்டில் செல்வாக்குள்ள ஒருவரிடம் மையத்தின் சாவியைக் கொடுப்பது இவற்றைவிட ஆபத்தானது. சாவி எவரிடமோ, மையம் அவருடையதாகிவிடும். வாட்ஸ்அப் குழுவையே பதிவேடாக வைத்துக்கொள்வதும் வேண்டாம். அதில் பெண்களின் எண்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அறிவிப்பை மட்டும் அனுப்பும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

சண்டை நடந்தால் பூட்டாதீர்கள்

ஒருநாள் அடிதடி நடக்கும். ஒருநாள் கழிப்பறைக்குப் பின்னால் கஞ்சாப் பொட்டலம் கிடைக்கும். அன்று மாலையே பூட்டுப் போட வேண்டும் என்று நெருக்கடி வரும். பதறாதீர்கள். பூட்டினால் அந்தப் பிள்ளைகள் மறைந்துவிட மாட்டார்கள். யாரும் பார்க்காத இடத்துக்குப் போவார்கள். காயம்பட்டவருக்குச் சிகிச்சை, பெற்றோருக்குத் தகவல், எழுத்தில் நிகழ்வுக் குறிப்பு, தேவைப்பட்டால் காவல் நிலையம் என்ற வரிசையை முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். சம்பந்தப்பட்டவர்களுக்குக் குறிப்பிட்ட நாள்களுக்கு அனுமதி மறுக்கலாம். மற்றவர்களுக்குக் கதவு திறந்திருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் தொல்லை நேர்ந்ததாகத் தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது தண்டனைக்குரியது. ‘குடும்ப மானம்’, ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்ற பஞ்சாயத்துக்கு மையத்தில் இடம் தராதீர்கள். சிறாரோடு இருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது; இருவர் இருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் எண் 14416 ஆகியவற்றைக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அறிவிப்புப் பலகையில் பிறர் பார்க்க எண்ணைக் குறித்துக்கொள்ள யாரும் துணிய மாட்டார்கள்.

இந்த வாரமே தொடங்க

இத்தனையையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது, முயலவும் வேண்டாம். இந்த வாரம் ஒரு நாள், மாலை ஏழு மணிக்கு, யாருக்கும் சொல்லாமல், பொன்னாடை ஏற்பாடு எதுவும் இல்லாமல் உங்கள் மையத்துக்குப் போங்கள். கதவு திறந்திருந்தால் உள்ளே ஒரு மணி நேரம் உட்காருங்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை, எது உடைந்திருக்கிறது என்று ஒரே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கதவு பூட்டியிருந்தால், சாவி யாரிடம் என்று எதிர் டீக்கடையில் கேளுங்கள். அந்தப் பதிலோடுதான் உங்கள் வேலை தொடங்குகிறது.