எலும்பைத் தொட்டால் சிறுநீர்ப்பை சீராகுமா?

எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றைக் கையால் அழுத்தியும் நீட்டியும் சீர் செய்தால் உள்ளுறுப்புகளும் சீர்படும் என்று கூறும் மருத்துவ முறை ஒன்று உண்டு. அதற்கு ஆஸ்டியோபதி என்று பெயர். கிரேக்க மொழியில் 'ஆஸ்டியோன்' என்றால் எலும்பு. இம்முறையை வகுத்தவர் அமெரிக்கரான ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864-இல் மூளையுறை அழற்சிக்குத் தம் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்த அவர், அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்தார். 1874-இல் தம் கொள்கையை வெளியிட்டார். 1892-இல் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் நகரில் கல்லூரி தொடங்கி, முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார்.

முதுகெலும்புக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன உறவு? விலங்கியல் மாணவியாகிய எனக்கு முதலில் எழுந்த ஐயம் இதுவே. உறவு உண்டு. சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்யும் நரம்புகள் தண்டுவடத்தின் அடிப்பகுதியில், சேக்ரல் நரம்புகளின் 2, 3, 4-ஆம் இணைகளிலிருந்து வருகின்றன. மேலும், இடுப்புக்குழியின் அடியில் தூளி கட்டியதுபோல் ஒரு தசைத்தளம் அமைந்துள்ளது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்குவது அதுவே. பிள்ளைப்பேற்றில் இத்தசை தளர்ந்துவிட்டால், இருமும்போதும் குடம் தூக்கும்போதும் சிறுநீர் கசியும்.

ஆகவே ஆஸ்டியோபதியர் இடுப்பையும் அடிமுதுகையும் தளர்த்திச் சிகிச்சை தருகின்றனர். இதனால் வலி குறைந்ததாகச் சிறு ஆய்வுகள் சில கூறுகின்றன. ஆனால் கிருமித் தொற்று, கல், கட்டி ஆகியவற்றைக் கைச்சிகிச்சை தீர்க்காது. மலட்டுத்தன்மையைத் தீர்க்கும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. சிறுநீரில் இரத்தம் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்வதே முறை.

சான்று வலுவாக உள்ளது வேறொன்றுக்கு. 1948-இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் ஓர் எளிய பயிற்சியை வெளியிட்டார். சிறுநீரை அடக்குவதுபோல் தசைத்தளத்தை இறுக்கி, சில நொடிகள் நிறுத்தித் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 முறை, நாளைக்கு 3 வேளை, மூன்று மாதமாவது செய்தால் பலருக்குக் கசிவு குறைகிறது. காசு செலவில்லை, கருவியும் வேண்டியதில்லை.

இருந்தும் நம் தாய்மார் பலர் இக்குறையை வெளியே சொல்லக் கூசி, வெளியூர்ப் பயணத்தையும் விசேஷ வீட்டையும் தவிர்த்து, தண்ணீர் குடிப்பதைக்கூடக் குறைத்துக்கொள்கின்றனர். 'பிள்ளை பெற்றவளுக்கு இது இயல்புதான்' என்ற சொல்லே அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே வைத்தியம். இது விதியன்று, தசையின் தளர்ச்சி, தசையைப் பழக்கலாம். உடலியல் படிக்கும் நாம் இதனைத் தேர்வுத்தாளில் எழுதுவதோடு நில்லாமல், நம் வீட்டுப் பெண்களிடமும் தயங்காமல் எடுத்துச் சொல்வோமாக!