பகுதி நேரச் சிப்பாயின் மகள்

டெல்லியில் கோல் மார்க்கெட் என்று ஓர் இடம் இருக்கிறது. இந்தியில் 'கோல்' என்றால் வட்டம். 1921ல் கட்டிய சந்தைக் கட்டடம் நடுவில் வட்டமாக நிற்கிறது. சுற்றிலும் அரசு ஊழியர் குடியிருப்புகள். பக்கத்தில் மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடம்.

அங்கே ஒரு குமாஸ்தாவின் குடும்பம் வாழ்கிறது. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். இன்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணம் எவ்வளவு என்று பார்த்ததும் வீட்டில் பேச்சே இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா விஷயம் கேட்டு வந்தார்.

"உங்க வீட்டுக்காரரும் பட்டாளத்தில இருந்தவர்தானே? எங்க அண்ணன் மகளுக்கு சர்க்கார் பணம் குடுக்குதே! நீங்களும் எழுதிப் போடுங்க."

உண்மைதான். குமாஸ்தா கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது பிரதேச ராணுவத்தில் சேர்ந்தார். இது பகுதி நேரப் படை. சேருபவருக்குச் சொந்த வேலை ஒன்று இருக்கும். ஆண்டுதோறும் பயிற்சிக்குப் போவார். நாட்டுக்குத் தேவை வந்தால் சீருடை போட்டுக்கொண்டு கிளம்புவார். திரும்பி வந்ததும் பழைய வேலையை அவருக்குக் கொடுக்க வேண்டும். சட்டமே அப்படிச் சொல்கிறது. 1949 அக்டோபர் 9 அன்று இந்தப் படையைத் தொடங்கி வைத்தவர் நம் ராஜாஜி. 1962, 1965, 1971 போர்களில் இந்தப் படையினரும் பணி செய்தார்கள்.

குமாஸ்தாவும் இரண்டு முறை காஷ்மீருக்குப் போனார். பனியில் காவல் நின்றார்.

அக்கா சொன்ன பணம் எது? அது பிரதமர் கல்வி உதவித்தொகை. 2006-07ல் தொடங்கியது. முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கும், படைவீரரின் விதவைகளுக்கும் உரியது. ஆண்டுக்கு 5500 பேருக்குக் கிடைக்கும். அதில் பாதி பெண்களுக்கு. 2019ல் தொகையை உயர்த்தினார்கள். பெண்ணுக்கு மாதம் 3000 ரூபாய். பையனுக்கு 2500 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீத மார்க் வேண்டும். இன்ஜினீயரிங், மருத்துவம் போன்ற தொழில் படிப்புகளுக்குத்தான் இது. முதல் ஆண்டிலேயே மனுச் செய்ய வேண்டும். இரண்டாம் ஆண்டில் போய்க் கேட்டால் கிடைக்காது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

குமாஸ்தா சைனிக் போர்டு அலுவலகத்துக்குப் போனார். தமிழ்நாட்டில் இதை முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்பார்கள். அங்கிருந்தவர் உட்காரச் சொன்னார். காகிதங்களைப் பார்த்தார்.

"ராணுவப் பென்ஷன் வாங்குறீங்களா?"

"இல்லைங்க சார். மொத்தம் ஆறு வருஷம்தான் பணிக்குக் கூப்பிட்டாங்க."

"ஊனம் ஏதாவது? வீர விருது?"

"இல்லை."

அவர் காகிதங்களை மெதுவாக மடித்துக் கொடுத்தார்.

முன்னாள் படைவீரர் யார் என்பதற்கு விதி இருக்கிறது. பிரதேச ராணுவத்தில் இருந்த எல்லோரும் அதில் வரமாட்டார்கள். பென்ஷன் பெறுபவர் வருவார். ராணுவப் பணியால் ஊனம் அடைந்தவர் வருவார். வீர விருது பெற்றவர் வருவார். பென்ஷன் வேண்டுமானால் சிப்பாய் 15 ஆண்டுகள் பணியில் இருந்திருக்க வேண்டும். வீட்டில் இருந்த காலம் கணக்கில் வராது. விட்டுவிட்டுச் செய்த பணியைச் சேர்த்துக் கணக்கிடலாம்.

அக்காவின் அண்ணனும் அதே காஷ்மீரில் நின்றவர்தான். ஆனால் அவர் 15 ஆண்டுகளை முடித்துவிட்டார். அவர் மகளுக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய். இவர் மகளுக்கு ஒன்றும் இல்லை. குளிர் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே?

அமெரிக்காவில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே பகுதி நேரப் படைக்குத் தேசியக் காவல் படை என்று பெயர். அதில் சேரும் இளைஞரின் கல்லூரிக் கட்டணத்தைப் பல மாநில அரசுகள் கட்டுகின்றன. அங்கே சிப்பாயே மாணவர். பென்ஷன் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குமாஸ்தா வீடு திரும்பினார். மனைவி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"கிடைக்காதாங்க?"

"அந்தப் பணம் கிடைக்காது. பாங்கில் கல்விக் கடன் கேட்கலாம். நாலு லட்சம் வரைக்கும் ஈடு கேட்க மாட்டாங்களாம்."

மகள் ஏற்கெனவே பாங்கின் விண்ணப்பத்தை எடுத்து வைத்திருந்தாள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்னப்பா எழுத? குமாஸ்தான்னா, சிப்பாய்னா?"

அப்பா சிரித்தார். "குமாஸ்தான்னு எழுதும்மா. அதுக்குத்தான் சம்பளச் சீட்டு இருக்கு."