வெப்பம் அழிக்கும் உறவு

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்துடன் ஊற்றுநீர் தேங்கி நிற்கிறது. அந்நீரை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். ஓரிடத்தில் நீரை இறைத்தால் அருகிலுள்ள கிணற்றில் நீர்மட்டம் நன்றாகத் தாழும். தொலைவில் உள்ள கிணற்றில் சிறிதளவே தாழும். ஓரிடத்து நிகழ்ச்சிக்கும் மற்றோரிடத்து நிகழ்ச்சிக்கும் உள்ள உறவு தொலைவைப் பொறுத்து எவ்வாறு குறைகிறது? இதனை அளந்து கூறுவதே 'ஒட்டுறவுச் சார்பு'.

அணுக்களிலும் இக்கேள்வி எழுகிறது. ஒரே வரிசையில் நிற்கும் நுண்காந்தங்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ இருக்கும். அடுத்தடுத்த இரண்டும் ஒரே திசையில் நிற்கவே விரும்பும். வெப்பம் அவற்றைக் கலைக்கும்.

ஒரு வெப்பநிலையில் பத்துக்கு ஒன்பது இணைகள் ஒத்திருக்கின்றன என்று கொள்வோம். ஒத்தால் +1, மாறினால் −1 என மதிப்பிட்டால் சராசரி 0.9 − 0.1 = 0.8 ஆகும். ஒன்று விட்டு அடுத்த காந்தத்துடன் உறவு என்ன? இரு அடிகளும் ஒத்தாலும், இரண்டும் மாறினாலும் முடிவு ஒத்ததாகும். அதன் வாய்ப்பு 0.81 + 0.01 = 0.82. ஆகவே ஒட்டுறவு 0.82 − 0.18 = 0.64, அதாவது 0.8-இன் வர்க்கம்! பத்தாவது அடியில் அது 0.11 அளவுக்குச் சுருங்கிவிடும். குளிரவைத்து நூற்றுக்கு 99 இணைகள் ஒத்திருக்கச் செய்தால், உறவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 34 அடிகள் ஆகும். ஆயினும் வெப்பம் சிறிதேனும் உள்ளவரை, நெடுந்தொலைவில் உறவு அற்றே போகும்.

இச்சங்கிலியை 1925-இல் ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஈசிங், முப்பரிமாணத்திலும் இப்படியே இருக்கும் எனக் கருதினார். அது தவறு. தளத்தில் பரவிய காந்தங்களில் குறைந்த வெப்பநிலையில் ஒழுங்கு நிலைக்கும் என்று 1936-இல் பையர்ல்ஸ் காட்டினார். 1944-இல் ஆன்சாகர் அதனை முழுமையாகக் கணக்கிட்டார்.

குவாண்டம் விதிகள் புகுந்தால் சங்கிலி உயிர் பெறுகிறது. மேல் நோக்கிய பகுதிக்கும் கீழ் நோக்கிய பகுதிக்கும் இடையே உள்ள எல்லை ஒரு துகளைப் போல ஓடத் தொடங்குகிறது. சில சங்கிலிகளில் இத்துகள்கள் மோதும்போது புதிய வேகங்கள் தோன்றுவதில்லை. ஒரே பள்ளத்தில் உருளும் சம எடையுள்ள இரு கோலிக்குண்டுகள் மோதினால் வேகங்களை மாற்றிக்கொள்கின்றன அன்றோ? அது போலத்தான். இத்தகைய அமைப்புகளையே 'தொகையிடத்தக்கவை' என்கிறோம். இவற்றைத் தோராயமின்றிக் கணக்கிட வழி உண்டு.

ஆனால் வெப்பநிலை உயரும்போது எங்கும் துகள்கள் தோன்றிவிடுகின்றன. ஒரு காந்தத்தைத் துகள் கடக்கும் ஒவ்வொரு முறையும் அதன் திசை மாறுகிறது. ஆகவே உறவு தொலைவால் மட்டுமன்றி, காலத்தாலும் தேய்கிறது. புதுதில்லியில் பிறந்த சுபீர் சச்தேவ், பீட்டர் யங் என்பவருடன் சேர்ந்து 1997-இல் இத்தேய்வைக் கணக்கிட்டார். குறைந்த வெப்பநிலையில் துகள்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதால், மேற்கண்ட கோலிக்குண்டுக் கணக்கே அங்குப் போதுமானதாயிற்று.

இவை தாளோடு நின்றுவிடும் கணக்குகளா? 1989-இல் சமலோத்சிக்கோவ் என்னும் ருஷ்ய அறிஞர், இத்தகைய சங்கிலி ஒன்றில் எட்டுத் துகள்கள் தோன்றும் என்றும், முதலிரண்டின் நிறைகளின் விகிதம் 1.618 என்றும் கூறினார். 2010-இல் கோபால்ட் நியோபேட் படிகத்தைத் தனிச்சுழிக்கு மேல் ஏறத்தாழ 0.04 கெல்வின் வரை குளிர்வித்து, ராடு கோல்டியா குழுவினர் அவ்விகிதத்தை அளந்து கண்டனர். வெப்பம் உறவைக் கலைக்காதபடி அத்தனை குளிர் தேவைப்பட்டது.

செய்து பாருங்கள்: பகடை ஒன்றை 100 முறை உருட்டுங்கள். முதலில் + குறி இடுங்கள். 6 விழுந்தால் குறியை மாற்றி எழுதுங்கள். மற்ற எண்கள் விழுந்தால் அதே குறியை எழுதுங்கள். பின்னர் 1, 2, 3 இடம் தள்ளியுள்ள குறிகளை ஒப்பிட்டுச் சராசரி காணுங்கள். 0.67, 0.44, 0.30 என்னும் எண்களுக்கு அருகில் விடை வரவேண்டும். இந்த எண்கள் எப்படிக் கிடைத்தன என்பதையும் நீங்களே கண்டுபிடியுங்கள்.