கீமோவுக்குப் பிறகு கையில் ஒரு ஃபிட்னஸ் பேண்ட்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குப் பிள்ளைகள் ஆசையாக வாங்கித் தருவது இப்போது ஃபிட்னஸ் பேண்ட். பெட்டியைப் பிரித்துக் கட்டினால், பலவும் கேட்பது நாளுக்கு 10,000 ஸ்டெப்ஸ். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரின் பெயரோடு பரவிய எண் அது. கீமோ முடித்த உடம்பை மனதில் வைத்துப் போட்ட கணக்கல்ல. முதல் நாளே அதைத் துரத்தினால், இரண்டாம் வாரம் பேண்ட் மேஜை டிராயருக்குள் போய்விடும்.

கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள்: எலும்புக்கு நோய் பரவியிருக்கிறதா, எடுத்த மருந்துகளில் இதயத்தைப் பாதிப்பது எதுவும் உண்டா, ரத்த அணுக்கள் எந்த அளவில் இருக்கின்றன. பதிலைப் பொறுத்து நடையா, உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சியா என்று முடிவாகும்.

அடுத்தது, எந்தக் கை. மார்பகப் புற்றுநோய்க்காக இடது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் பேண்ட் வலது மணிக்கட்டுக்கு. கட்டி எடுத்த பக்கத்துக் கை வீங்கும் வாய்ப்பு உண்டு என்பதால் அதில் இறுக்கமாக எதுவும் வேண்டாம். இரண்டு பக்கமும் எடுத்தவர்கள் இடுப்பில் செருகும் வகையை வாங்கலாம். போனைப் பையில் போட்டு நடந்தாலும் போதும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். குளித்ததும் கழற்றித் துடைத்துவிட்டுக் கட்டுங்கள்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், வழக்கம்போல் இருங்கள். தினமும் படுக்கப் போகும் முன் எண்ணை காலண்டரில் எழுதுங்கள். 2,600, 1,800, 3,100, 2,200, 900, 2,900, 2,600 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2,300. அந்த 900-ஐப் பார்த்துக் கூச வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து படுத்த நாளாக இருக்கும். செயலிக்குள் போய் 10,000-ஐ அழித்து 2,500 என்று போடுங்கள். வாரத்தில் நாலைந்து நாள் அது எட்டியபின் இன்னொரு பத்து சதவீதம். எட்டாத வாரம் அதே எண்ணில் நில்லுங்கள்.

கூட்டிக்கொண்டே எதுவரை போவது? அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி நிபுணர்களைக் கூட்டி வகுத்து 2019-இல் வெளியிட்ட பரிந்துரை நல்ல இலக்கு: மிதமான வேகத்தில் 30 நிமிடம், வாரத்துக்கு மூன்று முறை, 8 முதல் 12 வாரம். புற்றுநோய்ச் சோர்வும் மனக்கலக்கமும் குறைய இது உதவும். முப்பதையும் ஒரே மூச்சில் நடக்க முடியாதவர்கள் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டு தொடங்கலாம். வெயிலுக்கு முன் மொட்டை மாடியில் ஒரு பத்து. தசைக்கான பயிற்சியும் வாரம் இருமுறை வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதை பேண்ட் ஸ்டெப் கணக்கில் சேர்க்காது. அதையும் காலண்டரில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

இதயத் துடிப்பு எண்ணை நம்பி வேகத்தைத் தீர்மானிக்காதீர்கள். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம், ரத்தசோகை உள்ளவருக்கும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கும் பொருந்தாது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுதான் மிதமான வேகம். ஸ்டெப் எண்ணிக்கையும் பிசகும். வாக்கரைப் பிடித்து மெல்ல நடந்தால் குறைத்துக் காட்டும், துணி அலசினால் கூட்டிக் காட்டும். கலோரிக் கணக்கையும் தூக்க மதிப்பெண்ணையும் அணைத்துவிடுவது என் பரிந்துரை. தூக்கம் வராதவருக்குக் காலையில் 54 மதிப்பெண் காட்டி என்ன பயன்?

இனி முக்கியமானது. பேண்ட் எண்ணும், ஆனால் நடக்க வைப்பது மனிதர்கள்தான். மெல்போர்னில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 83 பெண்களிடம் நடந்த ஆக்டிவேட் ஆய்வில் ஒரு பாதிப் பேருக்குக் கார்மின் பேண்டோடு தொலைபேசி ஆலோசனையும் தந்தார்கள். 12 வாரத்தில் அவர்களது உடற்பயிற்சி கூடியது, உட்கார்ந்திருக்கும் நேரம் குறைந்தது. 2025-இல் வெளியான சேலஞ்ச் ஆய்வில், கீமோ முடித்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஒரு பாதிக்கு மூன்று ஆண்டுகள் பயிற்சியாளர் துணை நின்றார். ஐந்தாண்டுக் கணக்கில் அவர்களில் நோயின்றி இருந்தவர்கள் 80.3 சதவீதம், கையேடு மட்டும் பெற்றவர்களில் 73.9.

நமக்குப் பயிற்சியாளர் கிடைக்காவிட்டாலும், கேட்க ஒரு ஆள் கிடைப்பார். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. ஞாயிறு மாலை ஒரு போன்:

“அக்கா, இந்த வாரம் எவ்வளவு?”

“புதன் முழுக்கப் படுத்துட்டேன்மா. மத்த நாள் பரவாயில்ல.”

அவ்வளவு போதும். திட்டுபவரையும், தன் எண்ணைச் சொல்லிப் பெருமையடிப்பவரையும் இந்த வேலைக்கு வைக்காதீர்கள். ‘தொடர்ச்சி அறுந்தது’ என்று பேண்ட் அனுப்பும் அறிவிப்பையும் நிறுத்திவிடுங்கள். ஆப்பிள் வாட்சில் 2024 முதல் இலக்கை நாள் கணக்கில் இடைநிறுத்தி வைக்கும் வசதி உண்டு. ஸ்கேன் வாரத்தில் அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால், எலும்பில் புதிதாக வலி வந்தால், கை வீங்கினால் அன்று நடை கிடையாது, மருத்துவருக்கு போன். கீமோவால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. செருப்பு நழுவுவதே தெரியாது என்பதால் பின்பட்டை வைத்ததோ ஷூவோ வேண்டும். இரவில் உள்ளங்காலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது காலண்டர் தாளையும் கொண்டுபோங்கள். “சோர்வு எப்படி இருக்கு?” என்ற கேள்விக்கு அதைக் காட்டினால் பேச்சு சுருங்கும். காரணமே தெரியாமல் இரண்டு வாரமாக எண் இறங்கிக்கொண்டே வந்தால் அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.